வெஸ்லே: ஒரே தெரு, ஒரே தேவாலயம், அதற்கு ஒரு நாள் தேவையா?

ஜூன் மூன்றாவது வாரம் அப்பா அம்மாவுடன் பாரிஸ் வருகிறீர்கள். கையில் ஐந்து நாட்கள். அதில் ஒன்றை பர்கண்டியில் உள்ள வெஸ்லே என்ற மலையுச்சிக் கிராமத்துக்குக் கொடுக்கலாமா, காலையில் ரயிலேறி இரவுக்குள் திரும்ப முடியுமா, முழங்கால் வலி உள்ள அப்பாவால் ஏற முடியுமா, முட்டையும் தொடாத அம்மாவுக்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது கடைசி வரியில் இருக்கிறது: போய் வந்த நண்பர் "ஒரே தெரு, ஒரே சர்ச், அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது" என்று சொன்னாராம். அவ்வளவு தூரம் போய் ஏமாந்துவிடக் கூடாதே என்பதுதான் கேள்வி.

நண்பர் சொன்னது பொய்யில்லை. அங்கே இருப்பது ஒரே தெருவும் ஒரே தேவாலயமும்தான். நான் படித்தது இடைக்காலக் கட்டடக்கலை, பல வருடமாக இந்த வட்டாரத்தில் உரிமம் பெற்ற வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். அரை மணியில் இறங்கி வருகிறவர்களையும், மாலைவரை நகராமல் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இரவு அங்கே தங்க முடியுமானால் தாராளமாகப் போங்கள். ஒரே நாளில் ரயிலில் போய்த் திரும்புவதுதான் திட்டம் என்றால், உங்கள் அப்பாவின் முழங்காலையும் சேர்த்துப் பார்க்கும்போது, வேண்டாம் என்பேன். அதற்கு மாற்று ஒன்று உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

ஊர் இருப்பது பாரிஸுக்குத் தென்கிழக்கே, சாலை வழியாக ஏறக்குறைய 220 கிலோமீட்டர் தொலைவில், யோன் மாவட்டத்தில். கீழே க்யூர் ஆறு, தெற்கே மோர்வான் காடுகள், சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். மலை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம்; கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் அளவு உயரமுள்ள ஒரு குன்று. சுற்றிலும் நிலம் தாழ்ந்திருப்பதால் தூரத்திலிருந்தே தேவாலயம் கண்ணில் படும். நிரந்தரமாக வாழ்பவர்கள் 500 பேருக்கும் குறைவு. இந்தச் சின்ன ஊருக்கு எதற்கு 60 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள நடுக்கூடத்தோடு இவ்வளவு பெரிய தேவாலயம் என்று யாருக்கும் தோன்றும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், தெருவும் வீடுகளும் நிலவறைகளும் எல்லாமே அதற்கான பதிலாகத் தெரிய ஆரம்பிக்கும். கேள்வியே எழவில்லையென்றால் உங்கள் நண்பர் சொன்ன அரை மணி நேரமே அதிகம்.

9ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜிரார் என்ற பிரபுவும் அவர் மனைவி பெர்த்தும் கீழே பள்ளத்தாக்கில், இன்று சேன்-பேர் என்ற கிராமம் இருக்கும் இடத்தில், ஒரு கன்னியர் மடத்தை நிறுவினார்கள். நார்மன் கொள்ளையர்கள் அதைச் சூறையாடிய பிறகு, பாதுகாப்புக்காக மடம் குன்றின் மேலே போனது. கன்னியருக்குப் பதிலாகத் துறவிகள் வந்தார்கள். நிறுவியவர் செய்த ஒரு காரியம் பின்னால் பெரிய விளைவுகளைக் கொண்டுவந்தது: மடத்தை உள்ளூர்ப் பிரபுவுக்கோ ஆயருக்கோ கட்டுப்படாமல், நேரடியாக ரோமில் உள்ள போப்பாண்டவரின் கீழ் வைத்தார். அருகில் இருந்த அதிகாரிகள் எல்லோருக்கும் அது கண்ணில் விழுந்த தூசியாக இருந்தது. அதன்பின் மூன்று நூற்றாண்டுச் சண்டைகளுக்கும் வேர் அங்கேதான்.

பணம் வந்தது வேறு வழியில். 11ஆம் நூற்றாண்டில், ஜோஃப்ருவா என்ற மடாதிபதியின் காலத்தில், மகதலா மரியாவின் எலும்புகள் தங்களிடம் இருப்பதாக மடம் அறிவித்தது. 1058இல் ரோமும் அதை ஏற்றுக்கொண்டது. இயேசு உயிர்த்தெழுந்ததை முதலில் கண்டவள், மன்னிப்புப் பெற்ற பாவி என்று இடைக்காலம் நம்பிய பெண். அவளுடைய எலும்பென்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? பாலஸ்தீனத்தில் வாழ்ந்தவளின் எலும்பு பர்கண்டிக்கு எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு ஒரு கதை தயாராக இருந்தது: அவள் கடல் கடந்து தெற்கே ப்ரோவான்ஸுக்கு வந்து அங்கே இறந்தாள், அரபுப் படையெடுப்புக்குப் பயந்து ஒரு துறவி எலும்புகளை எடுத்து வந்தார் என்று. மடம் இப்படி ஒரு உரிமை கோரியது, யாத்திரிகர்கள் வந்தார்கள், ஊர் செழித்தது: இவ்வளவும் உறுதியான வரலாறு. எலும்புகள் யாருடையவை என்பதற்கு நம்பிக்கையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. ப்ரோவான்ஸ் கதையைப் பிற்காலத்தில் புனையப்பட்டதாகவே பெரும்பாலான வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்.

ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குப் போகும் நான்கு பெரும் பிரெஞ்சு யாத்திரைப் பாதைகளில் ஒன்று இங்கே தொடங்கியதால் வருமானம் இன்னும் பெருகியது. இன்றும் முதுகுப் பையும் கைத்தடியுமாக நடப்பவர்களை அந்தத் தெருவில் பார்ப்பீர்கள். தெருவின் பழைய வீடுகள் பலவற்றின் அடியில் வளைவுக் கூரை போட்ட கல் நிலவறைகள் இருக்கின்றன. யாத்திரிகர்களைத் தங்கவைக்கவும் திராட்சை மதுப் பீப்பாய்களை வைக்கவும் அவை பயன்பட்டன. சிலவற்றை இப்போது கடையாகவோ காட்சிக்கூடமாகவோ மாற்றியிருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் தயங்காமல் எட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் இங்கே 10,000 பேர் வாழ்ந்ததாகச் சிற்றேடுகள் சொல்லும். கணக்கெடுப்பே இல்லாத காலத்து எண் அது, அப்படியே நம்ப வேண்டாம். இன்றைவிடப் பல மடங்கு பெரிய ஊர் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

பணம் வந்த இடத்தில் ரத்தமும் வந்தது. புதிய தேவாலயம் கட்டுவதற்காக வரிக்கு மேல் வரி போட்ட ஆர்தோ என்ற மடாதிபதியை 1106இல் ஊர்மக்களே கொன்றார்கள். 1120இல், மகதலாவின் திருநாளுக்கு முந்தைய இரவு, யாத்திரிகர்கள் நிறைந்திருந்தபோது தேவாலயம் தீப்பிடித்தது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. எண் எவ்வளவு சரியோ, பேரழிவு உண்மை. நீங்கள் இன்று பார்க்கும் நடுக்கூடம் அந்தத் தீக்குப் பிறகு சுமார் இருபது ஆண்டுகளில் எழுந்தது. 1150களில் வணிகர்கள் நெவேர் பிரபுவின் தூண்டுதலோடு மடத்துக்கு எதிராகத் தன்னாட்சி அறிவித்து மறுபடி கலகம் செய்தார்கள். அமைதியான ஆன்மிக ஊர் என்று சுற்றுலாத் தாள்களில் வாசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியல் நாடகங்களும் இங்கே நடந்தன. 1146 மார்ச் 31, ஈஸ்டர் அன்று, பிரெஞ்சு அரசன் ஏழாம் லூயியின் முன்னிலையில் துறவி பெர்னார் இரண்டாவது சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். கூட்டம் தேவாலயத்தில் கொள்ளாமல் வெளியே வயலில் மரமேடை போட்டார்கள். போருக்குப் போகிறவர்கள் உடையில் தைத்துக்கொள்ளக் கொண்டுவந்திருந்த துணிச் சிலுவைகள் தீர்ந்துபோக, பெர்னார் தன் அங்கியையே கிழித்துக் கொடுத்ததாக அரசனோடு அந்தப் போருக்குப் போன துறவி ஓதோ எழுதி வைத்திருக்கிறார். அந்த உரையின் வாசகம் கிடைக்கவில்லை. இணையத்தில் மேற்கோள் குறிக்குள் காணப்படும் வீர வசனங்கள் பிற்காலக் கற்பனை. எந்த வயல் என்பதும் மரபு சொல்வதுதான்: குன்றின் வடக்குச் சரிவில் கோர்தெல் என்ற சிறு கோயில் இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள். 1166இல் இங்கிலாந்திலிருந்து தப்பி வந்திருந்த கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட், அந்நாட்டு அரசன் இரண்டாம் ஹென்றியின் ஆட்களைச் சபையிலிருந்து விலக்குவதாக அறிவித்தது இந்தத் தேவாலயத்தில். 1190 ஜூலையில் இங்கிலாந்து அரசன் ரிச்சர்டும் பிரெஞ்சு அரசன் ஃபிலிப் அகுஸ்தும் மூன்றாம் சிலுவைப் போருக்குச் சேர்ந்து கிளம்பியதும் இங்கிருந்துதான். அசிசியின் ஃபிரான்சிஸ் தொடங்கிய ஃபிரான்சிஸ்கன் துறவிச் சபை பிரான்சில் காலூன்றிய முதல் இடமும் அந்த கோர்தெல்தான் என்பார்கள், ஆண்டு 1217.

பிறகு சரிவு. 1279இல் ப்ரோவான்ஸில் சேன்-மாக்ஸிமன் என்ற இடத்தில் ஒரு நிலவறைக் கல்லறையைத் திறந்து, உண்மையான மகதலா இங்கேதான் இருக்கிறாள் என்றார்கள். வெஸ்லே துறவிகளின் கதைப்படியே அவள் அடக்கமான இடம் ப்ரோவான்ஸ்தானே! எலும்புகளைப் பர்கண்டிக்குக் கொண்டு போனதாகச் சொல்லும் பகுதியை மட்டும் தெற்கத்தியர்கள் மறுத்தார்கள். 1295இல் போப் எட்டாம் போனிஃபாஸ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். வெஸ்லேக்கு அதன்பின் பழைய கூட்டம் வரவில்லை. 1569இல் புராட்டஸ்டன்ட் படை சூறையாடியது. ஜெனீவாவில் கால்வினுக்குப் பின் புராட்டஸ்டன்ட் சபையை நடத்திய தெயோதோர் தெ பேஸ் 1519இல் பிறந்தது இந்த வெஸ்லேயில் என்பதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடத்தின் கட்டடங்கள் விற்கப்பட்டு இடிக்கப்பட்டன. தேவாலயம் மட்டும் மிஞ்சியது.

ஊர் இவ்வளவு அழகாக அப்படியே இருப்பதற்குக் காரணம் இந்தத் தோல்விதான் என்பது என் கருத்து. செழிப்பு தொடர்ந்திருந்தால், 15ஆம் நூற்றாண்டிலோ 17ஆம் நூற்றாண்டிலோ யாராவது பழைய நடுக்கூடத்தை இடித்து அந்தக் காலப் பாணியில் உயரமாகக் கட்டியிருப்பார்கள். வசதியான ஊர்களில் அதுதான் நடந்தது. இங்கே அதற்குக் காசு இல்லை. பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் என்று 1982இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2,000 பேருக்கு மேல் வாழும் ஊரைச் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பட்டியலில் வெஸ்லேயும் உண்டு. அதிலுள்ள பல ஊர்களை நான் சுற்றிக் காட்டியிருக்கிறேன். நிறைய ஊர்களின் கதை ஏறக்குறைய இதேதான், ஒரு காலத்துப் பணமும் அதன் பிறகு நீண்ட வறுமையும்.

எது பழையது, எது புதியது என்று தெரிந்து பார்ப்பது நல்லது. 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக வந்த ப்ரோஸ்பர் மெரிமே, உள்ளே உட்கார்ந்து வரையும்போது தன்னைச் சுற்றிச் சிறு கற்கள் உதிர்ந்து விழும் சத்தம் கேட்டதாக எழுதினார். 1840இல் அந்தப் பழுதுவேலை அனுபவமில்லாத 26 வயது இளம் கட்டடக் கலைஞன் வியோலே-லெ-துக்கிடம் கொடுக்கப்பட்டது, 1859வரை நடந்தது. கவிழ இருந்த கூரையை அவர் நிறுத்தினார், வெளித்தாங்கு வளைவுகளைத் திரும்பக் கட்டினார். சிதைந்த தூண் தலைப்புகள் சிலவற்றை இறக்கிவிட்டு நகல்களை வைத்தார். மூலக்கற்களைத் தேவாலயத்தை ஒட்டிய சிறு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆகவே வெளி முகப்பில், நடு வாசலுக்கு மேலே உள்ள சிற்பத்தின் முன் நின்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அது 19ஆம் நூற்றாண்டுக் கைவேலை. புரட்சிக்காரர்கள் உடைத்ததற்குப் பதிலாகச் செதுக்கியது. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் அதிகம் படம் எடுக்கிறார்கள்!

உண்மையான பொக்கிஷம் அதைத் தாண்டி உள்ளே, முகமண்டபத்தில் இருக்கிறது. அங்கே நடுக்கூடத்துக்குள் போகும் வாசலின் மேல் ஒரு பெரிய அரைவட்டச் சிற்பம், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவில் பெரிய உருவமாக இயேசு. அவர் கைகளிலிருந்து கதிர்கள் சீடர்களின் தலைக்குப் போகின்றன. அங்கியின் மடிப்புகள் இடுப்புப் பக்கம் சுழியாகச் சுருண்டிருப்பதைக் கவனியுங்கள், கல்லில் காற்றடிப்பதுபோல இருக்கும். கீழே நீண்ட பட்டியில் உலகத்து மக்கள் ஊர்வலமாக வருகிறார்கள். பயணம் போகாத சிற்பிகள் கேள்விப்பட்டதை வைத்துச் செதுக்கிய உலகம் அது: முறம்போன்ற காதுடையவர்கள், ஏணி வைத்துக் குதிரையேறும் குள்ளர்கள். அவர்களுக்கு மேலே, இயேசுவைச் சுற்றிய கட்டங்களில், நாய்த்தலை மனிதர்கள். வெளி வளைவில் பன்னிரண்டு ராசிகளும் மாத வேலைகளும் வட்டங்களாக வருகின்றன. அறுவடை, திராட்சை பறிப்பு, பன்றியடிப்பு எல்லாம் இருக்கும். உங்கள் அப்பா ஜோதிடத்தில் ஆர்வமுள்ளவர் என்றால் நண்டையும் விருச்சிகத்தையும் அவரே கண்டுபிடிக்கட்டும். இந்தச் சிற்பத்தின் பொருள்பற்றி அறிஞர்களிடையே ஒரு முடிவில்லை. பரிசுத்த ஆவி இறங்கிய நாள் என்பார்கள் சிலர். உலகெங்கும் போய்ப் போதிக்கும்படி சீடர்களை அனுப்பும் காட்சி என்பார்கள் சிலர். சிலுவைப் போருக்கு ஆள் சேர்க்கும் மனநிலை இதில் உண்டு என்பாரும் உண்டு. கடைசிக் கருத்து எனக்குக் கொஞ்சம் இழுத்துக் கட்டியதாகவே படுகிறது.

வாசலைக் கடந்து உள்ளே போனதும் மேலே பாருங்கள். கூரையைத் தாங்கும் அரைவட்ட வளைவுகளில் வெளிர் கல்லும் பழுப்புக் கல்லும் மாறி மாறி வரும். இரு பக்கமும் தூண்களின் தலைப்பில் நூறளவு சிற்பக் காட்சிகள். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கழுத்து வலிதான் மிஞ்சும், இரண்டைப் போதுமான நேரம் எடுத்துப் பாருங்கள். ஒன்று மாவரைக்கும் காட்சி, வலப்பக்கத் தூண்களில் இருக்கிறது: மோசே மேலிருந்து தானியத்தைக் கொட்டுகிறார், பவுல் கீழே மாவைப் பையில் பிடிக்கிறார். பழைய ஏற்பாடு அரைபட்டுப் புதிய ஏற்பாடாகிறது என்பது கருத்து. இன்னொன்று யூதாஸ். ஒரு பக்கத்தில் நாக்குத் தள்ளித் தூக்கில் தொங்குகிறான். மறுபக்கத்தில் ஒருவன் அவன் உடலைத் தோளில் தூக்கிப் போகிறான். தூக்கிப் போகிறவர் நல்ல மேய்ப்பனான இயேசுவே என்று போப் ஃபிரான்சிஸ் சொன்ன பிறகு இந்தத் தூண் உலகப் புகழ் பெற்றுவிட்டது. உருக்கமான விளக்கம்தான். ஆனால் அந்த உருவத்தில் இயேசுவை அடையாளம் காட்டும் ஒளிவட்டம் கிடையாது, உடையும் சாதாரண ஆளின் குட்டை உடை. உடலைப் புதைக்கக் கொண்டுபோகும் ஒருவனாகவும் இருக்கலாம். நான் சுற்றிக் காட்டும்போது இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நீங்கள் வரும் வாரம் ஜூன் 21ஐ ஒட்டி இருப்பதால் ஒளியைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடைகாலத்தின் மிக நீண்ட பகலன்று, சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தில், தெற்குச் சுவரின் மேல் ஜன்னல்கள் வழியாக விழும் ஒளித்துண்டுகள் நடுக்கூடத்தின் சரியான மையத்தில், வாசலிலிருந்து பீடம் நோக்கி வரிசையாகக் கிடக்கும். கைக்கடிகாரத்தில் அது 12 மணி அல்ல. பிரான்சின் கோடைநேரக் கணக்கில் 2 மணிக்குக் கால் மணி நேரம் முன்பு. பலர் 12 மணிக்கு வந்து ஒன்றுமில்லை என்று போய்விடுகிறார்கள். அந்த நாட்களில் சூரியனின் உயரம் மிக மெதுவாகத்தான் மாறும், அதனால் முன்னும் பின்னும் சில நாட்களுக்கும் ஏறக்குறைய அதே காட்சி கிடைக்கும். 21ஆம் தேதி கூட்டத்தில் நிற்பதைவிட 23 அல்லது 24 மேல். மேகம் மூடினால் எதுவும் கிடையாது. இந்த ஒளி நடப்பது கண்கூடு. கட்டியவர்கள் திட்டமிட்டுச் செய்தார்களா என்பது வேறு விஷயம். 1970களில் அங்கிருந்த ஒரு ஃபிரான்சிஸ்கன் துறவி கவனித்துச் சொன்ன பிறகே இது பேசப்பட ஆரம்பித்தது. கட்டிய காலத்து எழுத்து எதுவும் இதைக் குறிப்பிடவில்லை. நடுவாசல் தூணில் நிற்பவர் யோவான் ஸ்நானகன், அவர் திருநாள் ஜூன் 24 என்பதைத் திட்டமிட்டதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். கவர்ச்சியான வாதம், நிரூபணம் ஆகாது. கிழக்கு மேற்காகக் கட்டிய ஒரு கூடத்தில் அகலமும் ஜன்னல் உயரமும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்துவிட்டால் தானாகவும் நடக்கும்.

தேவாலயத்துக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது என்றால், பின்புறம் பழைய மரங்கள் உள்ள மேடையிலிருந்து க்யூர் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். பெஞ்சுகள் உண்டு, அப்பாவுக்கு நல்ல இடம். தெருவின் வீடுகளில் ஒன்றில் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமெயின் ரோலந்து 1938 முதல் வாழ்ந்து, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தை அங்கேயே கழித்து, 1944 டிசம்பர் 30 அன்று இறந்தார். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வாழ்க்கையை ஐரோப்பாவுக்கு எழுதிக் காட்டியவர் என்று நம்மவர்களுக்கு அவரைத் தெரியும். காந்தி அவரைச் சந்தித்தது இங்கே அல்ல, 1931இல் சுவிட்சர்லாந்தில். சில வலைப்பதிவுகள் இரண்டையும் குழப்புகின்றன. அந்த வீடு இப்போது செர்வோஸ் அருங்காட்சியகம். பிக்காஸோ, லெழே, கால்டர் ஆகியோரின் படைப்புகளை ஒரு கிராமத்து வீட்டில் நெரிசலில்லாமல் பார்க்கலாம். தேவாலயத்துக்குள் சுவரோரம் நிற்கும் பெரிய மரச்சிலுவைகளையும் கவனியுங்கள். 1946இல், போர் முடிந்த மறுவருடம், ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்து தோளில் சுமந்து நடந்து வந்து வைத்தவை அவை. அருகிலிருந்த முகாமின் ஜெர்மன் கைதிகளும் தாங்களே ஒரு சிலுவை செய்து சேர்ந்துகொண்டார்கள். 800 ஆண்டுக்கு முன் போருக்கு அழைத்த அதே குன்று.

சரி, முழங்கால். அடிவாரத்துச் சந்தைத் திடலில்தான் பேருந்துகளும் கார்களும் நிற்கும். அங்கிருந்து தேவாலயம்வரை ஒரே ஏற்றம். படிக்கட்டு கிடையாது, சரிவுத் தெரு. ஆரோக்கியமானவர் நிதானமாக ஏறினால் 15 முதல் 20 நிமிடம். வழியில் கடைகளும் காபிக் கடைகளும் இருப்பதால் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். முழங்கால் வலிக்காரர்கள் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதிகம் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். கைத்தடி கட்டாயம். உங்கள் அப்பாவால் முடியுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, அது அவரும் அவருடைய மருத்துவரும் சொல்ல வேண்டியது. மேலே தங்கினால் இந்தப் பிரச்சினை பாதி குறையும்: விடுதிக்காரரிடம் முன்கூட்டியே எழுதி, டாக்ஸி வாசல்வரை வரலாமா என்று கேளுங்கள். ஏறுவது ஒரு முறை மட்டும் என்றால் பலரால் முடிகிறது. வலி இல்லாத உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் மட்டுமாவது அடிவாரத்திலிருந்து நடந்து ஏறுங்கள்.

தங்கச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. பேருந்துக் கூட்டம் காலை பத்து மணிக்கு மேல் வந்து மாலை ஐந்து மணிக்குள் போய்விடும். ஜூனில் இருட்ட இரவு பத்தாகும். அந்த ஐந்து மணி நேரமும் ஊர் உங்களுடையது. மாலை வழிபாட்டில் எருசலேம் சகோதரத்துவத்தைச் சேர்ந்த துறவிகளும் கன்னியரும் சேர்ந்து பல குரல்களில் பாடுவார்கள். யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம், அனுமதி இலவசம், மதம் கேட்க மாட்டார்கள். திங்கட்கிழமைகளில் பொதுவாக இந்தப் பாட்டு இருக்காது. நேரத்தை வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள்.

ரயில் பாரிஸ் பெர்ஸி நிலையத்திலிருந்து, அவலோன் போகும் தடம். இறங்க வேண்டியது செர்மிஸெல்-வெஸ்லே. நேரடி வண்டி கிடைத்தால் இரண்டரை மணி நேரம், இல்லையென்றால் வழியில் மாற வேண்டும். நிலையத்தின் பெயரில் வெஸ்லே இருந்தாலும் ஊர் அங்கிருந்து 10 கிலோமீட்டர்! வெளியே டாக்ஸி வரிசை இருக்காது. முன்பதிவு செய்யாமல் இறங்கினால் வெறிச்சோடிய மேடையில் மூவரும் நிற்பீர்கள். ஒரே நாள் பயணம் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் முக்கியமான காரணம். வண்டிகள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் அன்று இரவு பாரிஸ் சந்தேகம். வாடகைக் கார் ஓட்டத் தயார் என்றால் கதை வேறு. கீழே சேன்-பேரின் கோதிக் தேவாலயம், ரோமானியக் குளியல் கூடங்களின் எச்சம் உள்ள உப்பு ஊற்றுகள், கோட்டை கட்டுவதில் பேர் போன வோபானின் பஸோஷ் மாளிகை எல்லாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

அம்மாவின் சாப்பாடு கொஞ்சம் கஷ்டம். பிரெஞ்சுக் கிராமத்து உணவகத்தில் "சைவம்" என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் போட்டுத் தருவார்கள். சாலட்டில் சின்னச் சின்னப் பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவிவிட்டு அதை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்களும் உண்டு. ழாம்போன் (பன்றித் தொடை இறைச்சி) வேண்டாம், லார்தோன் (அந்தக் கொழுப்புத் துண்டுகள்) வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பாலாடைக்கட்டியிலும் கவனம், பர்கண்டியின் எப்வாஸ் உட்படப் பாரம்பரிய வகைகள் பல கன்றுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைத்தவை. பேக்கரி ரொட்டி, பழம், தயிர், வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடி இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பார். மதிய உணவு 12 முதல் 2வரைதான். அதற்குப் பிறகு இரவு ஏழுவரை சமையலறை மூடியிருக்கும், ஒளி பார்க்கப் போவதென்றால் முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

தங்க முடியவில்லை என்றால், முதலில் சொன்ன மாற்று இதுதான்: ப்ரோவன் போங்கள் (தெற்கே உள்ள ப்ரோவான்ஸ் அல்ல, இது வேறு ஊர்). பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், பாரிஸ் வட்டாரப் போக்குவரத்து அட்டையே செல்லும். அதுவும் மேட்டின்மேல் இருக்கும் இடைக்கால ஊர், மதிலும் கோபுரமும் உண்டு, 2001 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மேலூருக்குக் கொஞ்சம் ஏற வேண்டும், ஆனால் வெஸ்லே அளவுக்கு நீளமில்லை. சிற்பத்தில் வெஸ்லேக்கு அருகில் வராது. பெற்றோரோடு ஒரு பகல் சுற்ற அதுவே வசதி. வெஸ்லேதான் என்று முடிவு செய்தால், ஜூன் 22 அல்லது 23 காலை பாரிஸில் கிளம்பி, மதியம் சாப்பிட்டு ஒளி பார்த்து, மாலைப் பாட்டு கேட்டு, மறுநாள் காலை கூட்டம் வருமுன் முகமண்டபத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு இறங்குங்கள். அறை பதிவு செய்யும்போதே போக வர இரண்டுக்கும் டாக்ஸியையும் உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பும் நாள் ஞாயிறு என்றால் ரயில் இன்னும் குறைவு, அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.